வங்கிக்கு அவர் கையெழுத்து போதும்

கிராம சுகாதார செவிலியரிடம் பெண்கள் மனம்விட்டுப் பேசுவதே இரத்த அழுத்தம் பார்க்கும் சாக்கில்தான். கையில் பட்டையைச் சுற்றும்போது தாழ்ந்த குரலில், "சிஸ்டர், அந்த ஊசி வந்திருக்கிறதா?" என்பார்கள்.

அந்தரா ஊசியைத்தான் கேட்கிறார்கள். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை போட்டுக்கொண்டால் கரு தங்காது. 2017 முதல் அரசு இலவசமாகத் தருகிறது. மாத்திரை அட்டையைப் போல அரிசிப் பானைக்குள் ஒளித்துவைக்க வேண்டியதில்லை. ஒரு சங்கடம், பலருக்கு மாதவிலக்கு தள்ளிப்போகும், சிலருக்கு நின்றேவிடும். உடனே மாமியார் விரல்விட்டு எண்ணத் தொடங்கிவிடுவார். அதற்காகவே வராத விலக்குக்கும் நாள் பார்த்துத் தலைக்குக் குளித்துவந்த பெண் ஒருவரை எனக்குத் தெரியும். அவர் மகளிர் சுய உதவிக் குழுத் தலைவி. வங்கி மேலாளரிடம் வட்டிக் கணக்கில் வாதாடி ஜெயிப்பவர். வீட்டில் "இன்றைக்கு வேண்டாம்" என்று சொல்ல அவரால் முடியாது. ஆணுறைப் பேச்சை எடுத்தாலோ, "இதெல்லாம் உனக்கு யார் சொன்னது?" என்று சந்தேகம் வரும்.

தருமபுரியில் 1989-இல் தொடங்கிய இக்குழுக்கள் பெண்களுக்குச் செய்ததை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் நான் பார்த்த பயிற்சிகளில் சேமிப்பு உண்டு, கடன் உண்டு, தையல் உண்டு. படுக்கையறை பற்றி மூச்சு கிடையாது. கருத்தடையும் பெண் தலையில்தான். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் மணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்டது 0.3 சதவீதம். இத்தனைக்கும் ஆணுக்கான நவீன முறையில் தையல்கூடக் கிடையாது.

கருக்கலைப்புக்கு, 18 வயது நிறைந்த பெண்ணின் சம்மதமே போதும் என்கிறது 1971-ஆம் ஆண்டுச் சட்டம். அந்தக் குழுத் தலைவியையே ஒருமுறை மருத்துவமனைக்கு அழைத்துப்போனேன். "வீட்டுக்காரர் கையெழுத்து எங்கே?" என்றார்கள். சட்டத்தைச் சொன்னேன். "நாளைக்கு அவர் வந்து சண்டை போட்டால் நீங்களா பதில் சொல்வீர்கள்?" என்றார்கள். லட்சக்கணக்கில் கடனுக்குக் கையெழுத்துப் போடுகிறவர் பேசாமல் நின்றார். வேறு மருத்துவமனையில்தான் வேலை முடிந்தது.

அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட சிலர், "இப்போதுதான் சிஸ்டர், பயமில்லாமல் அவர் பக்கத்தில் போக முடிகிறது" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். எங்கள் பதிவேட்டில் அதற்குக் கட்டமே இல்லை. எனக்கு அது முக்கியமான தகவலாகப் பட்டது. இப்போதெல்லாம் குழுக் கூட்டத்தில் கடன் கணக்கு முடிந்ததும் கொஞ்ச நேரம் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். வலியைப் பற்றி எல்லோர் முன்னிலும் கேட்கிறார்கள். ஆசையைப் பற்றி, இதுவரை, தனியாக வந்துதான் கேட்கிறார்கள்.