வரைபடத்தில் இல்லாத வாங்கு

கனடாவில், ஸ்காபரோவில் எங்கள் வீட்டு நிலவறையைத் திருத்த வந்த யாழ்ப்பாணத்துத் தம்பி, தையலுக்கென்று நான் கேட்ட மூலையை வரைபடத்தில் கட்டமிட்டு, அதற்குள் ‘ஹொபி ரூம்’ என்று எழுதிவிட்டு, “சும்மா பொழுதுபோக்குக்குத்தானே அக்கா?” என்று கேட்டார். அவரில் பிழையில்லை, என்றாலும் எனக்குச் சுருக்கென்றது. மட்டக்களப்புப் பக்கம் ஆரையம்பதியில் அம்மாவின் கால்மிதி மெசின்தான் எங்கள் நாலு பேருக்கும் சோறு போட்டது.

கோபத்தைக் காட்டாமல் கணக்குக்கு இறங்கினேன். அம்மா நிலத்தில் பாய் விரித்துக் குனிந்து வெட்டியே நாரி நோவைத் தேடிக்கொண்டவர் என்பதால், வெட்டும் மேசை 36 அங்குல உயரத்தில் வேண்டும் என்றும், மெசின் மேசை அதைவிட ஏழு அங்குலம் தாழ்வாக இருந்தால் போதும் என்றும் சொன்னேன். விழுந்த குண்டூசியைக் கால்தான் முதலில் கண்டுபிடிக்கும் என்பதால் தரைக்குக் கம்பளம் வேண்டாம் என்றேன். அயனுக்குத் தனி வயர் இழுக்கச் சொன்னேன். இந்நாட்டு 120 வோல்ட்டில் 15 அம்பியர் இணைப்பு 1800 வாட்டுக்கு மேல் தாங்காது. மாரியில் ஹீட்டரையும் அயனையும் ஒன்றாகப் போட்டால் அறையே இருண்டுவிடும். அம்மாவின் சிரட்டைக்கரி அயன் பெட்டிக்கு இந்தத் தொல்லை இருந்ததில்லை, சாம்பல் பறந்து வெள்ளைச் சட்டையில் விழுந்ததைத் தவிர.

வெளிச்சம்தான் அடுத்த சிக்கல். கூரையை ஒட்டியிருக்கும் ஒரு முழ யன்னலைத் தை மாதத்துப் பனி மூடிவிடும். ஆகவே பகல் வெளிச்சத்தைப் போன்ற 5000 கெல்வின் விளக்குகள் நாலு. யுத்த காலத்தில் ஊரில் மின்சாரமே இல்லாத வருடங்களில், அம்மா பொழுதுபடும்வரை விறாந்தையில் மெசின் மிதித்துவிட்டு, இரவில் குப்பிவிளக்கடியில் சட்டைகளுக்குக் கொழுவி தைப்பார். கறுப்புத் துணிக்குக் கறுப்பு நூல் என்றால் மட்டும் விடியட்டும் என்று வைத்துவிடுவார்.

அந்த விறாந்தையில் வருகிறவர்கள் இருக்க ஒரு நீட்டு வாங்கு கிடந்தது. கண்ணகை அம்மன் சடங்குக்கு முன்னும், நோன்புப் பெருநாளுக்கு முன்னும் அதில் இடம் கிடைக்காது. காத்தான்குடியிலிருந்து வரும் உம்மாமார், மருதமுனைக் கைத்தறித் துணியையும் அளவுச் சட்டையையும் மடியில் வைத்துக்கொண்டு, “வெள்ளிக்கு முன்னம் தந்திருவியா புள்ள?” என்று கேட்டால், அம்மா தலை நிமிராமலே, “மறுகா வாங்க, தாறன்” என்பார். அவர்கள் மறுகா வருவதென்ன, எழும்பினால்தானே! வெற்றிலைத் தட்டம் கை மாறும். யார் வீட்டில் கலியாணம், யார் வீட்டில் கோபம் என்பதெல்லாம் மெசின் சத்தத்துக்கு மேலாகப் பேசித் தீர்க்கப்படும். 1990இல் யுத்தம் மறுபடி மூண்ட பிறகு, தைக்கத் துணி எதுவும் இல்லாமல் வந்து, அந்த வாங்கில் இருந்து அழுதுவிட்டுப் போன தாய்மாரும் உண்டு. அவர்கள் போகும்வரை அம்மா மெசினை மிதிக்கமாட்டார்.

இங்கே எனக்குக் கிடைக்கப்போவது கதவுள்ள அறை. பத்தொன்பது வருடத்தில் இந்த அமைதி எனக்குப் பழகிவிட்டது என்றும், இடையூறில்லாமல் தைக்கத்தான் அறை கேட்கிறேன் என்றும் கணவரிடம் சொல்லியிருக்கிறேன். சொன்ன அன்றே, கடைசியாக ஊருக்குப் போனபோது வாங்கிவந்து இன்னும் கத்திரி வைக்காத இரண்டு யார் நீள மருதமுனைத் துணியை எடுத்து, ஒரு மணித்தியாலம் மடியில் வைத்துக்கொண்டிருந்ததை அவரிடம் சொல்லவில்லை.

வரைபடத்தைச் சுருட்டப்போன தம்பியை மறித்து, “கதவுக்குப் பக்கத்தில் நாலடியில் ஒரு வாங்கு போடுங்க” என்றேன்.

“ஆர் அக்கா வந்து இருக்கப்போகினம்?”

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அடியில் துணி அடுக்கலாம் என்று சமாளித்தேன். அவர் தலையாட்டிவிட்டு, சின்னக் கட்டமொன்று போட்டு, அதற்குள் ‘ஸ்டோரேஜ்’ என்று எழுதிக்கொண்டார்.