எட்டணா அளவு

மார்ச் 4, செவ்வாய்
அப்பாவின் தொடை இடுக்கில் மறுபடியும் கசிவு. கட்டுத்துணி எட்டணா அளவுக்கு நனைந்திருக்கிறது. நேற்று நாலணாதான்.

மார்ச் 5
சி.டி. ஸ்கேன் பார்த்தார்கள். காலுக்கு ரத்தம் போக உள்ளே வைத்த செயற்கைக் குழாயைச் சுற்றி நீர், நடுவே காற்றுக் குமிழி. வைத்து எட்டு மாதம் ஆனபிறகு அங்கே காற்று இருக்கக் கூடாதாம். ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற கிருமி. குழாய்மேல் ஒட்டிக்கொண்டு வழுவழுப்பாக ஒரு படலம் கட்டிவிடும், மருந்து உள்ளே போகாது. படித்துறைப் பாசிதான். ஆனால் தேய்த்துக் கழுவ இது கல் இல்லையே. குழாயையே எடுக்க வேண்டும். எடுத்துவிட்டால் காலுக்கு ரத்தம்? ராத்திரி மூன்று முறை எழுந்து பாதத்தைத் தொட்டுப் பார்த்தேன். சூடு இருக்கிறது.

மார்ச் 6
கிருமிக்கான மருந்து வான்கோமைசின் டிரிப்பில் வேகமாக இறங்கி அப்பாவுக்கு முகம், கழுத்தெல்லாம் சிவந்து ஒரே அரிப்பு. வேகத்தைக் குறைத்ததும் அடங்கியது.

மார்ச் 8
மறுபடி செயற்கைக் குழாய் வைத்தால் கிருமி அதையும் பிடிக்குமாம். அதனால் இடது காலின் சிரையை எடுத்து வலதில் தைப்பார்கள். சிரைக்குள் வால்வுகள் இருப்பதால் தலைகீழாகத் திருப்பி வைக்க வேண்டும். மேலே பக்கத்துத் தசையைப் புரட்டி மூடுவார்கள். சார்ட்டோரியஸ், தையல்காரர் தசை என்று அர்த்தம். சம்மணமிடும்போது வேலை செய்வதாம். அப்பா முதல்முறையாகச் சிரித்தார். நாற்பது வருஷம் மெஷின் மிதித்தவர்.

"உள்ள இருக்கிறது என்ன துணி டாக்டர்?"
"டேக்ரான்."
"டெரிலின்தானே அது! எத்தனை சட்டை தைச்சிருக்கேன்."

1950களில் அமெரிக்காவின் ஹூஸ்டனில் டிபேக்கி என்ற அறுவை மருத்துவர், கடையில் நைலான் தீர்ந்துபோனதால் டேக்ரான் வாங்கி வீட்டு மெஷினிலேயே குழாய் தைத்தாராம். இதைச் சொன்னதும் அப்பா கேட்டது: "தையல் நெருக்கமா போட்டாரா?"

அப்புறம், விளக்கணைத்த பிறகு: "நல்லா இருக்கிற காலையும் கிழிக்கணுமா?" பதில் சொல்லவில்லை.

மார்ச் 11
7.10க்கு உள்ளே.

2.40. இன்னும் வரவில்லை. அண்ணன் நாலாவது டீ.

இரவு: ரத்த ஓட்டத்தைக் கேட்கும் டாப்ளர் கருவியில் உஷ்... உஷ்... கேட்ட இடத்தில் நர்ஸ் பேனாவால் பெருக்கல் குறி போட்டிருக்கிறார். மணிக்கொரு தரம் அங்கேயே வைத்துப் பார்க்கிறார்கள்.

மார்ச் 12
குறி அழிந்துவிடுமோ என்று துடைக்க விடவில்லை. திட்டு வாங்கினேன்.

மார்ச் 14
கிருமிக்கு ரிஃபாம்பிசின் மாத்திரையும் சேர்த்தாயிற்று. மொத்தம் ஆறு வாரம் மருந்து. பையில் சிறுநீர் ஆரஞ்சு நிறம். ரத்தம் என்று அப்பா பயந்துவிட்டார். மாத்திரைதான் காரணம்.

மார்ச் 17
கட்டு காய்ந்திருக்கிறது.

மார்ச் 18
காய்ந்திருக்கிறது. இட்லி இரண்டு.

மார்ச் 21
பத்துப் பைசா அளவு. லேசான மஞ்சள். நிணநீராகவும் இருக்கலாம், நாளைக்குப் பார்ப்போம் என்றார்கள். பாதம் சூடாகத்தான் இருக்கிறது.