முப்பத்திரண்டில் பதினைந்து போனால்

மூன்றாம் வகுப்புச் சிறுமி ரப்பர் வளையத்தைப் பல்லால் கடித்து உருவினாள். கட்டிலிருந்த பத்து ஈர்க்குச்சிகளும் மேசையில் சரிந்தன.

"தாத்தா, இரண்டில் ஐந்து போகாது இல்லையா? அதனால் ஒரு கட்டைப் பிரித்துவிட்டேன். இப்போது பன்னிரண்டு குச்சி. நீங்களே ஐந்தை எடுங்கள்."

பெரியவர் எண்ணி எடுத்தார். மிச்சம் ஏழு. இருந்த இரண்டு கட்டுகளில் ஒன்றையும் அவள் அகற்றினாள். பதினேழு!

"பக்கத்து வீட்டில் கடன் வாங்கு என்றுதான் எங்கள் வாத்தியார் சொல்வார். எதற்கு என்று கேட்டால் அடிதான் விழும்" என்றார் அவர். அவள் சிரிக்கவில்லை, அடுத்த கணக்குக்குக் குச்சிகளைக் கட்டத் தொடங்கிவிட்டாள்.

எங்கள் ஊர் அரசுத் தொடக்கப்பள்ளியில் இன்று பிள்ளைகள் தாங்கள் படித்ததைப் பெற்றோருக்குக் காட்டினார்கள். தொடக்க வகுப்புகளுக்காகத் தமிழ்நாடு அரசு 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில், பிள்ளைகளின் கற்றல் திறனுக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கிறார்கள். பயிற்சித்தாள்கள் கூடுதல், ஆசிரியர்களுக்குப் பதிவேற்றும் வேலையே பாதி நாளைத் தின்கிறது என்ற புலம்பலும் நியாயமானதுதான். ஆனால் அந்தக் குச்சிக் கட்டைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அப்பா இரவெல்லாம் விழித்து ஒட்டிய தெர்மாகோல் எரிமலைகளைப் பல கண்காட்சிகளில் பார்த்திருக்கிறேன். ஒரு கேள்வி கேட்டால் பிள்ளை அம்மாவின் முகத்தைப் பார்க்கும்.

இங்கே களிமண் மாட்டுக்கு ஒற்றைக் கொம்பு. "இன்னொன்று விழுந்துவிட்டதா தம்பி?" என்றேன்.

"எங்கள் வீட்டு மாட்டுக்கே ஒன்றுதான்" என்றான்.