மான் மேய்ந்த மரக்கன்றுகள்: இதுவரை நிலவரம்

ஓக், செர்ரி, பிர்ச் கன்றுகளில் நுனி காணாமல் போக ஆரம்பித்ததும் முதலில் தின்றது யார் என்றுதான் பார்த்தேன். முயல் என்றால் கத்தியால் சீவியது மாதிரி சாய்வாக, சுத்தமாக வெட்டுப்பட்டிருக்கும். இங்கே பிய்ந்து நார் தொங்கிக்கொண்டிருந்தது. மானுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது, கவ்வி இழுத்துத்தான் பிய்க்கும். சரி, மான்தான்.

கன்று உடனே செத்துப்போனால்கூடப் புரிந்துவிடும், ஆனால் சாகாது. நடுக்குருத்து போனதும் பக்க மொட்டுகள் எல்லாம் கிளம்பிப் புதராகும், அடுத்த முறை அந்தத் துளிரையும் மான் மேய்ந்துவிடும், இப்படியே வருஷக்கணக்கில் முழங்கால் உயரத்தைத் தாண்டாமல் நிற்கும். ஆக நடுக்குருத்து மான் வாய்க்கு எட்டாத உயரம் போகும்வரை காப்பாற்றினால் பாதி வேலை முடிந்தது.

விரட்டி மருந்து தெளித்தும் பார்த்தேன். தெளித்த இலைக்கு மட்டும்தான் காவல், அதற்கப்புறம் வருகிற இளந்துளிருக்கு ஒன்றும் இல்லை, மானுக்குப் பிடித்ததே அந்தத் துளிர்தான். அதனால் கன்றைச் சுற்றி மாட்டுகிற குழாய்க் கவசத்துக்கு மாறினேன். ரோ மான் போன்ற சிறிய வகைக்கு 1.2 மீட்டர் போதும், செம்மான் (red deer) போன்ற பெரிய வகை வந்துபோகிற இடம் என்றால் 1.8 மீட்டர் வேண்டும். முட்டுக்குச்சி குழாயின் வாயைவிடக் கொஞ்சம் குட்டையாக இருக்கட்டும், இல்லாவிட்டால் காற்றில் ஆடுகிற தண்டு அதில் உரசிப் புண்ணாகும். சில கன்றுகளுக்கு வலைக்கூண்டு போட்டேன். கண்ணி வழியாக வெளியே நீட்டிய கிளைகளை மான் வரிசையாக முடித்துவிட்டது, உள்ளே இருந்த நடுக்குருத்துக்கு ஆபத்தில்லை. குழாய்க்குள் கன்று விறுவிறுவென்று ஏறுகிறது, ஆனால் தண்டு மெலிசு. அது தானாக நிற்கிற பலம் வரும்வரை குழாயைக் கழற்றப்போவதில்லை.

புதரான கன்றுகளில் நேராகவும் வலுவாகவும் இருக்கிற ஒரே தண்டை விட்டு, போட்டிக்கு நிற்கிற மற்றதை நறுக்கிவருகிறேன். ஓக்குக்கு இலையுதிர்ந்த காலம் சரி. செர்ரியை மட்டும் கோடையில்தான் தொடுவேன், குளிர்காலத்து வெட்டில் வெள்ளி இலை நோய் (silver leaf என்கிற பூஞ்சை நோய்) நுழையும்.

மேய்ச்சலில் பிர்ச்சைத்தான் குறைவாகத் தொட்டிருக்கிறது. ஆனால் ஒரு ஆண் மான் கொம்பை உரசி, ஒரு பிர்ச்சின் பட்டையைச் சுற்றிலும் உரித்துவிட்டது. மேல்பாதி காயத்தான் போகிறது. குளிர்காலத்தில் அதை அடியில் வெட்டி, கிளம்புகிற துளிரில் நல்லதாக ஒன்றுக்குக் குழாய் மாட்டிப் பார்க்க வேண்டும்.