கடற்கரை வீட்டுக்கு ஏற்ற பிணைச்சல்

விலைக்கு வாங்க ஆசை இருந்தும் எந்தக் கடையிலும் கிடைக்காத பொருள் எது என்று திருகோணமலையில் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் குடியிருப்பவர்களிடம் கேட்டால், தானாகச் சமைக்கும் இயந்திரத்தையோ பறக்கும் வாகனத்தையோ யாரும் சொல்லமாட்டார்கள் என்றே நினைக்கிறேன். எங்கள் ஒழுங்கையில் கேட்டுப் பார்த்தேன். கிண்ணியாவிலிருந்து எருமைத் தயிர் வாங்கிக் கொழும்புக்குப் பேருந்தில் கொண்டுபோகும் பக்கத்து வீட்டு அக்காவுக்கு, மண் சட்டியின் வாயை இறுக்கிப் பிடிக்கும் மூடி ஒன்று வேண்டும். கடதாசி போட்டு நூலால் கட்டிய சட்டி ஹபறணைக்கு முன்பே மடியை நனைத்துவிடுகிறது. பிளாஸ்டிக் கிண்ணத்தில் வாங்கலாமே என்றால் அவர் ஏற்பதில்லை. மண் சட்டி தயிரின் நீரை உறிஞ்சி அதை இறுக வைக்கும், பிளாஸ்டிக்கில் அது நடக்காது என்ற அவருடைய வாதம் சரியானதே. என் அம்மாவுக்கோ, இரத்தத்தின் சீனி அளவைத் தமிழில் வாய்விட்டுச் சொல்லும் கருவி வேண்டும்.

எனக்கு வேண்டியது ஒரு கதவுப் பிணைச்சல். கேட்பவர்கள் சிரிக்கிறார்கள், ஆகவே விளக்கமாக எழுதுகிறேன்.

கடலோரத்தில் இரும்பு கெடுவது மழையால் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் மழை நமக்கு ஓரளவு உதவியே செய்கிறது. அலை உடையும்போது காற்றில் கலக்கும் நுண்ணிய உப்புத் துளிகள் வீட்டில் எட்டாத இடமில்லை. காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டியதும் சாதாரண உப்பு அந்த ஈரத்தை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைட்டுக்கு 33 சதவீதமே போதும். அதனால்தான் கச்சான் காற்று வீசி முற்றமெல்லாம் புழுதியாகக் கிடக்கும் ஆடி மாதத்திலும், உப்புப் படிந்த ஆணித் தலையில் கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் ஒன்று இருந்துகொண்டே இருக்கிறது. மாரி வந்தால் வெளியில் உள்ளவற்றின் உப்பையாவது மழை கழுவிவிடும். தாழ்வாரத்துக்குக் கீழே, காற்றுப் பட்டும் மழை படாத மூலையில் இருப்பவைதான் முதலில் போகின்றன.

எங்கள் விறாந்தைக் கதவின் கீழ்ப் பிணைச்சலைக் கழற்றியபோது இதை நேரில் பார்த்தேன். நடு முளை கறளால் பருத்து, ஏடு ஏடாகப் பிரிந்து, சுற்றியிருந்த தகட்டை வெடிக்க வைத்திருந்தது. கறள் இரும்பை விடப் பல மடங்கு இடம் பிடிக்கும் என்பதால் நிலையின் மரமும் ஓரத்தில் பிளந்திருந்தது. புரியாணிகளின் தலையில் திருப்புளி பிடிப்பதற்கு வெட்டே மிஞ்சவில்லை. தச்சர் உளியால் மரத்தைக் கொத்தித்தான் அவற்றை எடுத்தார். பிணைச்சலின் விலையை விட அவருடைய கூலி அதிகம்.

துருப்பிடிக்காத உருக்கில் வாங்கலாமே என்பது அடுத்த கேள்வி. கடைகளில் அந்தப் பெயரில் விற்பவற்றில் நல்லது 304 என்ற வகை. அதில் ஏறத்தாழ 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உண்டு. சமையலறைக்கு அது தாராளம். கடற்காற்றிலோ, குரோமியம் உண்டாக்கும் பாதுகாப்புப் படலத்தை உப்பின் குளோரைட்டு ஆங்காங்கே துளைத்துவிடும். முதலில் தேநீர் சிந்தியது போன்ற கறையும், பிறகு குண்டூசி முனையளவு குழிகளும் தோன்றும். 316 என்ற வகையில் 2 முதல் 3 சதவீதம் மொலிப்டினம் சேர்வதால் அது இந்தத் தாக்குதலை வெகுவாகத் தாங்கும். படகுகளில் அதைத்தான் பூட்டுகிறார்கள்.

இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருப்பதுதான் தொல்லை. நம்மவர்கள் சட்டைப்பையில் காந்தம் ஒன்றைக் கொண்டுபோய் ஒட்டிப் பார்க்கிறார்கள். பித்தளை என்று சொல்லி விற்கும் முலாம் பூசிய இரும்பைப் பிடிப்பதற்குக் காந்தம் போதும். 304 ஐயும் 316 ஐயும் பிரித்தறிய அது உதவாது, இரண்டிலும் அது பெரும்பாலும் ஒட்டாது. நிக்கலைக் குறைத்து மங்கனீசு சேர்த்த மலிவு வகையிலும் ஒட்டாது. வாங்குபவருக்கு வித்தியாசம் தெரியாத இடத்தில் கூடிய விலைச் சரக்கை இறக்கி வைக்க எந்தக் கடைக்காரருக்கும் மனம் வராது. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

பிணைச்சலோடு புரியாணிகளையும் சேர்த்தே கேட்பேன். நல்ல உருக்குப் பிணைச்சலை வாங்கினாலும், அதே பொதியில் நாகமுலாம் பூசிய சாதாரண இரும்பு ஆணிகளைப் போட்டுத் தருகிறார்கள். இரு வேறு உலோகங்கள் உப்பு நீரில் தொட்டுக்கொண்டிருந்தால் அவற்றுள் இளைத்தது விரைவாக அரிக்கப்படும். பெரிய உருக்குத் தகட்டில் சிறிய இரும்பு ஆணியைப் பூட்டினால், சேதம் முழுவதும் அந்தச் சிறிய ஆணியின் மீதே இறங்கும். தகடு பளபளவென்று இருக்க, கதவு சரிந்துவிடும். ஆகவே நான் கேட்கும் பொருள் ஒரு பொதி: பிணைச்சல், முளை, புரியாணி, கொண்டி, பூட்டின் வளைகம்பி எல்லாம் ஒரே உலோகத்தில், மேலே ஒரு குறியோடு.

அந்தக் குறிதான் பொதியை விட முக்கியமானது என்று இப்போது தோன்றுகிறது. ஐ.எஸ்.ஓ. 9223 என்ற தரநிலை, காற்றின் அரிப்புத்தன்மையைச் சி1 முதல் சி5 வரையும், அதற்கும் மேல் சிஎக்ஸ் என்றும் ஆறு வகுப்புகளாகப் பிரிக்கிறது. பாலம் கட்டுபவர்களும் தொழிற்சாலைகளுக்கு வர்ணம் தெரிவுசெய்பவர்களும் பயன்படுத்தும் இந்த எழுத்தை, மின்விசிறிப் பெட்டியிலும் குளிரூட்டியின் வெளி அலகிலும் அச்சிடுவதற்கு என்ன தடை என்று எனக்கு விளங்கவில்லை. இப்போது கிடைக்கும் ஒரே தகவல் உத்தரவாத அட்டையின் கடைசி வரியில் இருக்கிறது. எங்கள் குளிர்சாதனப் பெட்டியின் அடித்தகடு உதிரத் தொடங்கியபோது, அரிப்பினால் வரும் சேதம் உத்தரவாதத்துக்குள் அடங்காது என்ற அந்த வரியை விற்பனையாளர் எங்களுக்கு வாசித்துக் காட்டினார்.

இத்தனைக்கும் உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று நம்முடையது. உப்பு நீரில் இரும்பைக் காப்பாற்றும் கலையை நன்கு அறிந்தவர்கள் இந்த ஊரிலேயே நடமாடுகிறார்கள். கப்பலின் அடியில் நாகக் கட்டிகளைப் பொருத்தி, அரிப்பு உருக்கை விட்டு அந்தக் கட்டிகளைத் தின்னும்படி விடும் முறை மிகப் பழையது. அந்த அறிவில் ஒரு துளிகூட கதவு நிலை வரை வந்து சேரவில்லை.

என்.சி. வீதியில் உள்ள ஹாட்வெயார் கடை நானாவிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். “தம்பி, அது போட்டுக்குப் போடுற சாமான். வீட்டுக்கு ஆர் கேக்கிறாங்க?” என்றார். பிறகு தொலைபேசியில் கொழும்பில் யாரிடமோ விசாரித்துவிட்டு, சில்லறையாகத் தரமாட்டார்கள், பெட்டிக் கணக்கில் எடுத்தால் ஆணிகளையும் அதே வகையில் அனுப்புவார்கள் என்றார். விலை சாதாரணப் பிணைச்சலைப் போலப் பல மடங்கு. தச்சரின் கூலியைக் கூட்டிப் பார்த்தால் எனக்கு அது மலிவாகவே படுகிறது.

ஒரு பெட்டியை முடிக்க எங்கள் வீட்டுக் கதவுகள் போதாது. உப்புவெளி, திருக்கடலூர்ப் பக்கம் இருப்பவர்களில் யாருக்காவது வேண்டுமென்றால் அளவைச் சொல்லுங்கள். நான்கு அங்குலமே அதிகம் வேண்டியிருக்கும் என்பது என் கணிப்பு. யன்னலுக்கு மூன்று அங்குலம் கேட்பவர்கள் கூடினால் அதற்கு வேறு பெட்டி எடுக்க வேண்டும் என்று நானா சொல்லியிருக்கிறார்.