வெடித்த டயரும் உரிந்த டயரும்: ட்ரெய்லர் டயரைப் படிப்பது எப்படி

டிராவல் ட்ரெய்லரில் (காருக்கோ ட்ரக்குக்கோ பின்னால் பூட்டி இழுக்கும் வீட்டுவண்டி) டயர் போவது பெரும்பாலும் இரண்டு விதம். ஒன்று, காற்றுக் குறைந்ததைக் கவனிக்காமல் ஓட்டி ஓட்டி சைடுவால் (டயரின் பக்கச்சுவர்) வெந்து கிழிவது. இன்னொன்று, காற்று முழுசாக இருக்கும்போதே ட்ரெட் (தரையைத் தொடும் மேல்ரப்பர்) உள்ளே இருக்கும் ஸ்டீல் பெல்ட்டோடு சேர்ந்து உரிந்து போவது. ஹைவே ஓரத்தில் நின்று பார்க்கிறவருக்கு இரண்டுமே கிழிந்த ரப்பர்தான். ஆனால் காரணம் வேறு, முன்கூட்டிக் கண்டுபிடிக்கும் வழியும் வேறு. பிரஷர் கேஜும், ஓடும்போதே டயர் காற்றை அளந்து எச்சரிக்கும் டிபிஎம்எஸ் சென்சாரும் முதல் வகையைத்தான் பிடிக்கும். இரண்டாவதைப் பிடிக்க ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்ப்பதைத் தவிர எளிய வழி இல்லை. அமெரிக்காவில் ட்ரெய்லர் வைத்திருப்பவர்களில் பலர் முதல் வேலையை ஒழுங்காகச் செய்கிறார்கள். இரண்டாவதைச் செய்கிறவர்கள் குறைவு.

முதலில், போன டயரை எப்படிப் படிப்பது. தூக்கிப் போடுவதற்கு முன் பத்து நிமிடம் அதைப் புரட்டிப் பாருங்கள்.

ட்ரெட் ஒரு வளையமாக முழுசாக நிற்கிறது, சைடுவால் மட்டும் சுற்றிலும் கிழிந்து தனியாக வந்திருக்கிறது என்றால் அது காற்றில்லாமல் ஓடிய டயர். சைடுவால் மடிந்து மடிந்து நிமிர்ந்ததில் உள்ளே சூடேறி, பாலியெஸ்டர் நூல்கள் உருகியே போயிருக்கும். கிழிந்த விளிம்பில் நூல் முனை கெட்டியாக, உருகி உறைந்த பிளாஸ்டிக் போல இருந்தால் சந்தேகமே வேண்டாம். டயருக்குள் ரப்பர் தூளும் கிடக்கலாம். ஆணியோ, வால்வுக் கசிவோ, விரிசல் விட்ட ரிம்மோ எங்கோ காற்றை இறக்கியிருக்கிறது. அதைத் தேடுங்கள்.

சைடுவால் நன்றாக இருக்கிறது, ட்ரெட்டைக் காணோம், வெளியே ஸ்டீல் கம்பி துருத்திக்கொண்டு நிற்கிறது என்றால் அது பெல்ட் பிரிந்த டயர். சில சமயம் ட்ரெட் போன பிறகும் உள்கூடு காற்றைப் பிடித்துக்கொண்டே நிற்கும். அப்படியானால் டிபிஎம்எஸ் ஒரு சத்தமும் போட்டிருக்காது. அதன் மேல் கோபப்பட வேண்டாம். அது காற்றைத்தான் அளக்கிறது, பெல்ட்டை அல்ல. உள்பக்க லைனரில் எக்ஸ் வடிவத்திலோ நட்சத்திர வடிவத்திலோ ஒரு முறிவு இருந்தால் அது குழியிலோ கர்பிலோ வாங்கிய அடி.

பெல்ட் ஏன் பிரிகிறது? ரேடியல் டயரில் ட்ரெட்டுக்குக் கீழே இரண்டு ஸ்டீல் பெல்ட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். ஒன்றின் கம்பி இடப்பக்கம் சாய்ந்தால் மற்றதன் கம்பி வலப்பக்கம் சாயும். ஓடும்போது இரண்டும் எதிரெதிர்த் திசையில் நழுவப் பார்க்கும். நடுவில் இருக்கும் மெல்லிய ரப்பர்தான் அதைத் தடுக்கிறது. இந்த இழுவை அதிகமாக இருப்பது பெல்ட்டின் விளிம்பில், அதாவது டயரின் தோள்பட்டையில். கம்பிக்கு மேல் பூசிய பித்தளைதான் ரப்பரைப் பிடித்துக்கொள்கிறது. விளிம்பில் வெட்டுப்பட்ட கம்பி முனையில் அந்தப் பூச்சு கிடையாது, வெறும் இரும்பு. விரிசல் அங்கேதான் பிறக்கும். அங்கிருந்து டயரைச் சுற்றியும் உள்நோக்கியும் மெதுவாக வளரும்.

ட்ரெய்லருக்கு மட்டும் ஏன் இது அதிகம் என்றால், இரட்டை ஆக்ஸில் (சக்கர அச்சு). கார் வளைவில் திரும்பும்போது முன்சக்கரங்கள் திசை மாறும். ட்ரெய்லரின் இரண்டு ஆக்ஸிலும் இணையாகப் பூட்டப்பட்டவை, எதுவும் திரும்பாது. வண்டி திரும்பும் மையம் இரண்டு ஆக்ஸிலுக்கும் நடுவே எங்கோ விழும். அதனால் முன் ஆக்ஸில் டயர்கள் ஒரு பக்கமும் பின் ஆக்ஸில் டயர்கள் மறுபக்கமும் தரையில் இழுபடும். கேம்ப்சைட்டில் ரிவர்ஸ் எடுத்து ஒடிக்கும்போது வெளியே நின்று பாருங்கள்: ரிம் ஒரு பக்கம் போக, டயரின் அடிப்பாகம் இன்னொரு பக்கம் சாய்ந்திருக்கும். ஹைவே வளைவிலும் அதேதான் நடக்கிறது, கண்ணுக்குத் தெரியாத அளவில். தரையில் இருக்கும் மேல்ரப்பர் தேய்வதை விட உள்ளே பெல்ட் விளிம்பு படும் பாடு பெரிது. ஒற்றை ஆக்ஸில் ட்ரெய்லருக்கு இந்தத் தொல்லை இல்லை.

இதனால்தான் இரட்டை ஆக்ஸிலில் எஸ்டி டயருக்கு (ட்ரெய்லருக்கென்றே செய்யும் டயர்)ச் சைடுவாலில் எழுதிய முழு பிரஷரையும் குளிர்நிலையில் நிரப்பச் சொல்கிறார்கள். 'லோடு டேபிள் (எந்த எடைக்கு எவ்வளவு காற்று என்ற அட்டவணை) பார்த்தேன், என் எடைக்கு 50 பிஎஸ்ஐ போதும்' என்று வாதம் செய்பவர்கள் உண்டு. எடையைத் தூக்க அது போதும்தான். பக்கவாட்டு இழுவையை அந்த டேபிள் கணக்கில் எடுப்பதில்லை. அந்த முழு பிரஷர், டயரின் தாங்குதிறன் வகையான லோட் ரேஞ்ச் சி என்றால் 50, டி என்றால் 65, இ என்றால் 80 பிஎஸ்ஐ. காலையில் வெயில் படுவதற்கு முன் அளக்க வேண்டும். ஓடியபின் 65 என்பது 75 வரை ஏறினால் பயப்பட ஒன்றுமில்லை. ஏறத்தாழ 10 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு 2 சதவீதம் கூடும். சூடான டயரிலிருந்து மட்டும் காற்றை இறக்காதீர்கள்.

எடைக் கணக்கில்தான் பழைய ட்ரெய்லர்கள் பல மாட்டுகின்றன. 3,500 பவுண்டு ஆக்ஸில் இரண்டு போட்ட ட்ரெய்லரை எடுத்துக்கொள்ளுங்கள். எஸ்டி205/75ஆர்14 லோட் ரேஞ்ச் சி டயர் ஒன்று 1,760 பவுண்டு தாங்கும். நான்குக்கு 7,040. ஆக்ஸில் இரண்டும் சேர்ந்து 7,000. கையிருப்பு 40 பவுண்டு! அதுவும் நான்கு சக்கரத்திலும் எடை சரிசமமாக இருந்தால். சமையலறையும் ஸ்லைடு அவுட்டும் (வெளியே நீட்டி விரிக்கும் அறைப்பகுதி) ஒரே பக்கம் இருக்கும் வண்டியில் அது நடக்காது. அமெரிக்க ஆர்வி (வீட்டுவண்டி) தொழில் சங்கமான ஆர்விஐஏ 2017-இல் தன் உறுப்பினர் கம்பெனிகளுக்கு 10 சதவீதக் கூடுதல் தாங்குதிறன் வேண்டும் என்று விதி வைத்தது. அதன்படி இதே ஆக்ஸிலுக்கு டயர் ஒன்றுக்கு 1,925 பவுண்டு தேவை. அதே அளவில் லோட் ரேஞ்ச் டி போட்டால் 2,040 கிடைக்கும். என் கருத்தில் 10 சதவீதமே கஞ்சத்தனம்; 15 முதல் 20 வரை இருந்தால்தான் நிம்மதி.

எடையை ஊகிக்க வேண்டாம். ட்ரக் ஸ்டாப்புகளில் இருக்கும் கேட் (CAT) ஸ்கேல் எடைமேடையில் தண்ணீர், கேஸ், சாமான் எல்லாம் ஏற்றி, வண்டியோடு பூட்டியபடியே நிறுத்துங்கள். ட்ரெய்லர் ஆக்ஸில்களின் மொத்த எடை தனியாக வரும். அது ஆக்ஸில் எடைதான், ஒவ்வொரு சக்கரத்தின் எடை அல்ல. இடம் வலம் தனித்தனியாகப் போட்டுப் பார்க்க வசதி கிடைத்தால் விடாதீர்கள்.

வேகமும் இதோடு சேர்ந்தது. எஸ்டி டயரின் தாங்குதிறன் எண்கள் மணிக்கு 65 மைலை மனதில் வைத்துக் கணக்கிடப்பட்டவை. சிறு ட்ரக்குக்கான எல்டி235/85ஆர்16 லோட் ரேஞ்ச் இ 3,042 பவுண்டு என்று சொல்ல, ஏறத்தாழ அதே அளவுள்ள எஸ்டி235/80ஆர்16 இ 3,520 என்று சொல்வது அந்த வேக வரம்பை நம்பித்தான். இப்போது வரும் எஸ்டி டயர்களில் எல், எம், என் என்று வேக எழுத்துகள் இருக்கின்றன. எம் என்றால் 81 மைல். அந்த வேகத்தில் இழுக்கலாம் என்று அதற்குப் பொருள் எடுத்துக்கொள்ளக் கூடாது. 65-லேயே இருங்கள்.

இனி சுற்றிப் பார்க்கும் சோதனை. சீசன் தொடக்கத்தில் ஒரு முறை, பிறகு நீண்ட பயணத்துக்கு முன் ஒவ்வொரு முறையும் செய்வது நல்லது. டயரில் முழு பிரஷர் இருக்க வேண்டும். ட்ரெய்லரை இழுக்கும் வண்டியோடு பூட்டியபடியே வைத்து, வண்டியின் பார்க்கிங் பிரேக் போட்டு, மறுபக்கச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஜாக்கியைச் சட்டத்தில், ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடத்தை ஒட்டி வைக்க வேண்டும். ஆக்ஸில் குழாயின் நடுவில் வைத்தால் அது வளையும். வளைந்த ஆக்ஸிலே பிறகு டயரைத் தின்னும். தரையிலிருந்து இரண்டு விரல் உயர்ந்தால் போதும்.

முதலில் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் லூஸ். அதைச் சரிசெய்யாமல் மேலே எதை அளந்தாலும் பொய்யாகத்தான் வரும்.

அடுத்து, ஒரு மரக்கட்டை மேல் ஸ்குரூடிரைவரை அசையாமல் கட்டி, அதன் முனை ட்ரெட்டின் நடுவிலிருந்து சுமார் 3 மில்லிமீட்டர் தள்ளி நிற்கும்படி வையுங்கள். சக்கரத்தை மெதுவாக ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். இடைவெளி கூடிக் குறைவதைப் பாருங்கள். பிறகு முனையை வெளித் தோள்பட்டைக்கும் உள் தோள்பட்டைக்கும் நகர்த்தி அதையே செய்யுங்கள். நடுவை மட்டும் பார்த்துவிட்டு விடுகிறவர்கள்தான் ஏமாறுவார்கள், ஏனென்றால் பிரிவு தொடங்குவது தோள்பட்டையில். ஏதாவது ஓரிடத்தில் டயர் முனையைத் தொட்டால் அங்கே சாக்பீஸால் குறி போடுங்கள். அப்புறம் பின்னால் போய் நின்று, சுழலும்போது ட்ரெட்டின் நடுக்கோடு நேராக ஓடுகிறதா என்று பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் பாம்பு போல நெளிந்தால் பெல்ட் இடம் மாறியிருக்கிறது.

டயரைக் குற்றம் சொல்வதற்கு முன் ரிம்மைப் பார்க்க வேண்டும். ஸ்குரூடிரைவர் முனையை ரிம் விளிம்புக்குப் பக்கத்தில் வைத்துச் சுற்றுங்கள். அதே குறியில் ரிம்மும் தூக்கினால் ரிம் வளைந்திருக்கிறது. ரிம்மை ஒட்டி டயரில் ஓடும் மெல்லிய வரி, ரிம்மிலிருந்து எல்லா இடத்திலும் ஒரே தூரத்தில் இல்லையென்றால் டயர் ரிம்மில் சரியாக உட்காரவில்லை. மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நின்ற டயரில் தட்டையான இடம் இருக்கும். அரைமணி நேரம் ஓட்டினால் அது போய்விடும், பெல்ட் புடைப்பு போகாது. இதெல்லாம் இல்லை, ரிம் நேராக இருக்கிறது, ட்ரெட் மட்டும் ஓரிடத்தில் 3 மில்லிமீட்டருக்கு மேல் தூக்குகிறது என்றால் அந்த டயரின் ஆயுள் முடிந்தது. அதைவிடக் குறைவாக இருந்தால் எழுதி வைத்து ஆயிரம் மைல் கழித்து மறுபடி அளங்கள், வளர்ந்திருந்தால் கழற்றிவிடுங்கள். புது டயரிலும் கொஞ்சம் ஏற்ற இறக்கம் இருக்கும். அதனால் மாட்டிய அன்றே ஒரு அளவு எடுத்து வைத்தால் பின்னால் ஒப்பிடச் சுலபம்.

கையுறை போட்டுக்கொண்டு ட்ரெட்டைச் சுற்றிலும் தடவிப் பாருங்கள் (வெறுங்கை வேண்டாம், கம்பி குத்தும்). புடைத்த இடம் தரையில் அதிகம் உரசுவதால் அங்கே மட்டும் ட்ரெட் ஆழம் குறைந்திருக்கும். சைடுவாலில் உள்பக்கமாகக் குழிந்த ஒரு கோடு இருந்தால் அது நூல் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய இடம், பெரும்பாலும் ஆபத்தில்லை. வெளியே புடைத்திருந்தால் நூல் அறுந்திருக்கிறது. கடைக்குக்கூட அதில் ஓட்டிப் போகாதீர்கள், ஸ்டெப்னியை மாட்டுங்கள்.

தேய்மானத்தை வைத்தும் சில விஷயம் சொல்லலாம். இரண்டு தோள்பட்டையும் தேய்ந்தால் காற்றுக் குறைவு அல்லது எடை அதிகம். உள்பக்கம் மட்டும் தேய்ந்தால் எடையால் ஆக்ஸிலின் வளைவு நிமிர்ந்துவிட்டது. அங்கங்கே கிண்ணம் போலக் குழிந்தால் பேரிங் அல்லது பேலன்ஸ்.

ஓட்டும்போது தெரியுமா? டிரைவர் சீட்டில் பெரும்பாலும் தெரியாது, ட்ரெய்லரின் அதிர்வு ஸ்டீயரிங்குக்கு வராது. ட்ரெய்லருக்குள்தான் தடயம்: ஒரே பக்கத்து அலமாரிக் கதவு திறந்து கிடப்பது, ஸ்குரூ கழன்று தரையில் கிடப்பது. வீல் வெல்லின் (சக்கரத்துக்கு மேலே இருக்கும் குழிவான கூடு) உள்ளே புதிதாகக் கறுப்பு உரசல் தெரிந்தால் அன்றே ஜாக்கியை எடுங்கள்.

வயது: சைடுவாலில் டிஓடி (DOT) என்று தொடங்கும் எண்ணின் கடைசி நான்கு இலக்கம் தயாரான வாரமும் ஆண்டும். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். ட்ரெட் எவ்வளவு இருந்தாலும் ஐந்து வருடத்தில் மாற்றிவிடுவதே என் பக்கம். அரிசோனா, டெக்ஸஸ் வெயிலில் மூடாமல் நிறுத்தினால் அதற்கும் முன்பே. முழு எண் டயரின் ஒரு பக்கத்தில்தான் இருக்கும், பல நேரம் உள்பக்கம். போனைக் கீழே நீட்டி ஸ்டெப்னி உட்பட ஐந்துக்கும் படம் எடுத்து வையுங்கள். டயர் சிதறிய பிறகு அந்த எண் கிடைக்காமல் போகலாம். ரீகால் தேடவும், அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்ஹெச்டிஎஸ்ஏ-விடம் புகார் கொடுக்கவும் அதைத்தான் கேட்பார்கள்.

வழியில் டயர் போய்விட்டால், சக்கரத்தை மாற்றும் முன் கேஸ் சிலிண்டரை மூடுங்கள். உரிந்த ட்ரெட் சாட்டை போல அடித்து வீல் வெல்லைக் கிழிக்கும். அந்த வழியாகப் போகும் கேஸ் குழாய், பிரேக் வயர், கழிவுநீர்க் குழாய் எதுவும் தப்பாது. சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவு இல்லை என்று உறுதியான பிறகுதான் திறக்க வேண்டும். அதே பக்கத்தில் இருக்கும் மற்ற டயர் அதுவரை இரண்டு டயரின் சுமையைத் தூக்கியிருக்கிறது. சில மைல் அப்படி ஓடியிருந்தால் அதையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள், பார்க்க நன்றாக இருந்தாலும். நட்டுகளை நட்சத்திர வரிசையில், அரை அங்குல ஸ்டட்டுக்கு 90 முதல் 120 அடி-பவுண்டு வரை இறுக்கி, 10, 25, 50 மைலில் மறுபடி சரிபாருங்கள்.

புது டயரை ஒரு ரேஞ்ச் ஏற்றி வாங்குகிறீர்கள் என்றால் கடையில் இரண்டு கேள்வி கேளுங்கள். ரிம்மின் பின்புறம் பொறித்திருக்கும் அதிகபட்ச பிரஷர் அந்த டயருக்குப் போதுமா? வால்வு எது? சாதாரண ரப்பர் வால்வு 65 பிஎஸ்ஐ வரைதான். 80 பிஎஸ்ஐ டயருக்கு உலோக வால்வோ உயர் அழுத்த வால்வோ வேண்டும். பழைய வால்வை அப்படியே வைத்து லோட் ரேஞ்ச் இ மாட்டிக் கொடுத்தால், வால்வை மாற்றி மறுபடி மாட்டச் சொல்லுங்கள்.