எந்த அலுவலகத்தின் கீழ் என் பெயர்: ஐப்பசி, கார்த்திகைக் குறிப்புகள்

2025 ஒக்டோபர் 2, வியாழன்

ஐந்து பாடங்களையும் இரண்டு செய்முறை அமர்வுகளையும் முடித்து, ஒவ்வொரு பரீட்சையிலும் 75 சதவீதம் என்ற கோட்டைத் தாண்டிய பிறகும் ஒன்ராறியோவில் நான் இன்னும் வீடு விற்கும் முகவர் ஆகவில்லை. ஒரு புரோக்கரேஜ், அதாவது முகவர்கள் வேலைசெய்யும் நிறுவனம், என்னைத் தன்னிடம் சேர்த்துக்கொள்ளச் சம்மதிக்கும்வரை, முகவர்களை ஒழுங்குபடுத்தும் ரெக்கோ என்னைப் பதிவுசெய்யாது. பதிவு இல்லாமல் இன்னொருவருக்கு ஒரு வீட்டின் கதவைத் திறந்து காட்டக்கூட எனக்கு உரிமை கிடையாது. பாடங்கள் முடிந்ததிலிருந்து 12 மாதங்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அந்தக் கணக்கில் எனக்கு டிசம்பர் நடுப்பகுதி வரை அவகாசம் இருக்கிறது. இடைப்பட்ட பத்து மாதங்கள் எங்கே போயின என்பதை இங்கே எழுதப்போவதில்லை.

குற்றப்பதிவுச் சோதனைக்கு இன்று விண்ணப்பித்தேன்.

ஒக்டோபர் 5, ஞாயிறு

கோயிலில் இருந்து திரும்பும்போது கடையடியில் இலவசமாக வைத்திருந்த தமிழ் வாரப் பத்திரிகையை எடுத்துவந்தேன். வீடு விற்கும் முகங்களை எண்ணினேன்: 31. அநேகமாக எல்லோரும் கோட் அணிந்து கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். விளம்பரத்தில் புரோக்கரேஜின் பெயர் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று படித்தேன். ஆனால் பலவற்றில் அது மருந்துப் போத்தலின் காலாவதித் திகதியைப்போல ஓர் ஓரத்தில் ஒதுங்கியிருக்கிறது. அந்த ஓரத்துப் பெயருக்காகத்தான் நான் இத்தனை நித்திரையை இழக்கிறேன்.

மாலையில் அந்த முப்பத்தொருவரில் ஆறு பேரின் பெயர்களை ரெக்கோவின் பொதுப் பதிவேட்டில் தேடிப் பார்த்தேன். பிறகு, பைத்தியக்காரத்தனம்தான், என் பெயரையும் தேடினேன்.

ஒக்டோபர் 7, செவ்வாய்

முதல் அலுவலகம் மார்க்கம் நகரில் இருக்கிறது. கண்ணாடிச் சுவர்கள், கோப்பி இயந்திரம், கோப்பைகள் அடுக்கிய அலுமாரி. ஆள் சேர்க்கும் பொறுப்பிலுள்ளவர் மிகவும் மரியாதையாகப் பேசினார். கொமிஷனில் 90 சதவீதம் எனக்கு, 10 சதவீதம் அவர்களுக்கு. அதற்கு மேல் மாதம் 250 டொலர் மேசைக் கட்டணம், ஒவ்வொரு விற்பனைக்கும் தனியாக ஒரு கட்டணம். 2020 ஒக்டோபரிலிருந்து ஒன்ராறியோ முகவர்கள் தங்கள் பெயரில் கம்பனி அமைத்துக்கொள்ளலாம் என்பதை விளக்கி, எதிர்காலத்தில் எனக்கு அதனால் கிடைக்கக்கூடிய வரிச் சலுகைகளைப் பற்றிக் கால் மணி நேரம் சொன்னார். ஒரு வீடுகூட விற்காத எனக்கு அந்தக் கால் மணி நேரம் கூச்சமாக இருந்தது.

என் முதல் ஒஃபரை, அதாவது வீட்டை வாங்கக் கேட்டு எழுதும் தாளை, யார் வாசித்துப் பார்ப்பார்கள் என்று கேட்டேன். எல்லாம் இணையத்தில் காணொளிகளாக இருக்கின்றன என்றார்.

ஒக்டோபர் 10, வெள்ளி

இன்று யாரையும் பார்க்கவில்லை. அம்மாவுக்குக் கால் வீக்கம்.

ஒக்டோபர் 13, திங்கள்

நன்றியறிதல் நாள் விருந்து பெரியம்மா வீட்டில். வீடு விற்கும் குழு ஒன்றை நடத்தும் அண்ணாவும் அண்ணியும் அவர்களுடைய குழுவினர் இருவரும் வந்திருந்தார்கள். வான்கோழியும் ஆட்டுக்கறியும் ஒரே மேசையில் இருந்தன. ஆட்டுக்கறிதான் முதலில் முடிந்தது. கை கழுவப் போன இடத்தில் அண்ணா மறித்துக் கேட்டார்: “வீட்டுக்குள்ளே ஆள் இருக்க, வெளியிலே ஏன் பிள்ளை அலையிறாய்?” நான் சிரித்து மழுப்பினேன். அவர் சிரிக்கவில்லை.

அவருடைய குழுவில் சேர்ந்தால் எனக்கு வாடிக்கையாளர்கள் கிடைப்பார்கள் என்பது உண்மை. வானொலியில் அவருடைய குரல் காலையிலும் மாலையிலும் ஒலிக்கிறது. எங்கள் சனத்தில் அரைவாசிப் பேருக்கு அவருடைய தொலைபேசி இலக்கம் மனப்பாடம். ஆனால் கணக்கை நான் வீட்டுக்கு வந்து தாளில் போட்டுப் பார்த்தேன். எட்டு இலட்சம் டொலர் வீடு, வாங்குபவர் பக்கத்துக் கொமிஷன் இரண்டரை சதவீதம் என்றால் 20,000. அண்ணா இருக்கும் புரோக்கரேஜ் முதலில் 20 சதவீதம் எடுக்கும். மிகுதி 16,000-ஐ அவரும் நானும் பாதியாகப் பிரித்தால் எனக்கு 8,000. மார்க்கம் அலுவலகத்தில் இதே வீட்டுக்கு 18,000 வரும். 70-க்கு 30 என்று கேட்கும் இடத்தில் 14,000. கொமிஷன் மேல் விதிக்கும் 13 சதவீத எச்.எஸ்.டி. விற்பனை வரி அரசாங்கத்தின் பணம், அதை என்னுடையதாக எண்ணி மயங்கக் கூடாது என்று தாளின் மேல் சிவப்பு மையால் எழுதி வைத்தேன்.

என் கணவர் தாளை எட்டிப் பார்த்துவிட்டு, பதினெட்டாயிரம் எங்கே வருகிறதோ அங்கே போவதுதானே என்றார். அந்த எட்டு இலட்சம் டொலர் வீடு எங்கேயிருந்து வருகிறது என்று திருப்பிக் கேட்டேன். எந்த அலுவலகத்திலும் அந்த முதல் வரியை எனக்காக யாரும் நிரப்பித் தரப்போவதில்லை. ஒன்றும் விற்காத மாதத்தில் 90 சதவீதமும் 50 சதவீதமும் ஒரே தொகைதான். மேசைக் கட்டணம் மட்டும் தவறாமல் போகும். அதோடு ரெக்கோ பதிவு, கட்டாயக் காப்புறுதி, ரொறன்ரோ வீட்டு முகவர் சபையின் அங்கத்துவம், மாகாணச் சங்கம், தேசியச் சங்கம் என்று சேருமுன்னே வரிசையாக நிற்கும் கட்டணங்கள் வேறு இருக்கின்றன.

ஒக்டோபர் 16, வியாழன்

நித்திரை வரவில்லை. மறுபடியும் ட்ரஸ்ட் கணக்கு.

வீடு வாங்குகிறவர் கட்டும் வைப்புப் பணம் ஐந்து வேலை நாட்களுக்குள் புரோக்கரேஜின் ட்ரஸ்ட் கணக்குக்குப் போக வேண்டும். அந்தப் பணத்தை அலுவலக வாடகைக்கோ மின்சாரத்துக்கோ எடுக்கவே முடியாது. பரீட்சைக்குப் படித்தபோது இது சுலபமான கேள்வியாக இருந்தது. பிறகு இந்த ஆகஸ்டில், ஏறத்தாழ 2,400 முகவர்கள் வேலைசெய்த ஒரு பெரிய புரோக்கரேஜின் ட்ரஸ்ட் கணக்குகளில் மில்லியன் கணக்கில் பணம் குறைந்திருந்ததாகச் செய்தி வந்து, அதன் கதவுகள் மூடப்பட்டன. அந்த 2,400 பேரும் சேரும்போது என்ன கேட்டிருப்பார்கள்? ஸ்பிளிட், அதாவது கொமிஷனில் பங்கு, எவ்வளவு என்று கேட்டிருப்பார்கள். நானும் அதைத்தானே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நுகர்வோரின் வைப்புப் பணத்துக்கும் முகவரின் கொமிஷனுக்கும் காப்புறுதி இருக்கிறது என்பது தெரியும். ஆனால் என் சொல்லை நம்பிக் காசோலை எழுதும் ஒரு குடும்பத்தை ஒரு காப்புறுதிப் படிவத்தின் முன் கொண்டுபோய் உட்காரவைக்க வேண்டி வந்தால், அதற்குப் பிறகு கோயிலில் அவர்களுடைய முகத்தை எப்படிப் பார்ப்பது?

ஒக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. வாழ்த்துச் சொல்லி வந்த பதினான்கு குறுஞ்செய்திகளில் ஐந்து, என்னைச் சேர்க்க விரும்பும் அலுவலகங்களிலிருந்து வந்தவை.

ஒக்டோபர் 22, புதன்

அண்ணாவின் இடத்தையும் எண்ணினால் மூன்றாவது அலுவலகம் ஸ்காபரோவில், ஒரு பல் வைத்தியசாலைக்கு மேல் மாடியில் இருக்கிறது. மொத்தம் பதினெட்டு முகவர்கள். அலுவலகத்துக்குப் பொறுப்பான புரோக்கர் ஒஃப் ரெக்கோர்ட் அறுபது வயதைத் தாண்டிய பெண்மணி. யாழ்ப்பாணத்தில் ஆசிரியையாக இருந்தவர் என்பதை அவர் சொல்லாமலே கண்டுகொள்ளலாம். ஸ்பிளிட் 70-க்கு 30, மேசைக் கட்டணம் இல்லை, முதல் ஐந்து விற்பனைகளுக்குப் பிறகு மறுபடி பேசலாம் என்று இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டு, கொண்டோ எனும் அடுக்குமாடி வீட்டை வாங்கும் ஒப்பந்தமான படிவம் 101-இன் வெற்றுப் பிரதி ஒன்றை என் முன் நகர்த்தினார். “பிள்ளை, ஒரு கொண்டோவுக்கு ஒஃபர் போடுகிறாய். ஸ்டேட்டஸ் சேர்ட்டிபிகேட் இன்னும் வரவில்லை. என்ன நிபந்தனை எழுதுவாய்?”

எழுதினேன். கட்டடத்தின் நிதி நிலையையும் விதிகளையும் சொல்லும் அந்தச் சான்றிதழைக் கட்டட நிர்வாகம், கேட்ட பத்து நாட்களுக்குள் தர வேண்டும் என்பதை நினைவில் வைத்து, வாங்குபவரின் வழக்கறிஞர் அதைப் பரிசீலித்துத் திருப்திப்பட வேண்டும் என்று எழுதினேன். எத்தனை நாட்களுக்குள் பரிசீலிக்க வேண்டும் என்பதை எழுத மறந்துவிட்டேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அந்த ஒரு வரி இல்லாததால் ஒரு குடும்பம் வழக்கறிஞரிடம் எத்தனை மாதங்கள் அலையலாம் என்பதைக் குரலை உயர்த்தாமல் விளக்கினார்.

அவமானமாகத்தான் இருந்தது. ஆனாலும் வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது, இத்தனை வாரங்களில் முதல் தடவையாக ஒருவர் எனக்கு வேலையைப் பற்றிப் பேசியிருக்கிறார் என்று தோன்றியது.

ஒக்டோபர் 27, திங்கள்

ஒரு பரிசோதனை செய்தேன். இவரிடம் சொன்னால் சிரிப்பார் என்பதால் இங்கே மட்டும் எழுதுகிறேன். ஒஃபர்கள் பெரும்பாலும் இரவில்தான் நடக்கின்றன. நள்ளிரவுக்கு ஒரு நிமிடம் முன்வரை செல்லுபடியாகும் என்று எழுதப்பட்ட தாளை வைத்துக்கொண்டு நான் யாரை அழைப்பேன் என்பதுதான் என் கேள்வி. ஆகவே எங்கள் பேஸ்போல் அணியான புளூ ஜேய்ஸ் விளையாடிக்கொண்டிருந்த நேரத்தில், இரவு 9.20-க்கு, மூன்று இடங்களுக்கும் ஒரு சிறு சந்தேகம் கேட்டுச் செய்தி அனுப்பினேன்.

மார்க்கத்திலிருந்து, அலுவலக நேரம் காலை ஒன்பது மணிக்குத் தொடங்கும் என்ற தானியங்கிப் பதில் வந்தது. அண்ணா கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பினார். எதற்கு என்று விளங்கவில்லை. ஸ்காபரோ டீச்சரம்மா 9.50-க்கு அழைத்தார். பின்னால் தொலைக்காட்சியின் இரைச்சல் கேட்டது. பதிலைச் சொல்லிவிட்டு, “விளையாட்டைப் பார், பிள்ளை” என்று வைத்துவிட்டார்.

விளையாட்டு 18 இன்னிங்ஸ் வரை இழுபட்டு விடியப்புறம் மூன்று மணிக்குச் சற்று முன்னர் தோல்வியில் முடிந்தது. நானும் விழித்துத்தான் இருந்தேன்.

ஒக்டோபர் 29, புதன்

கனடா வங்கி வட்டியை 2.25 சதவீதத்துக்குக் குறைத்திருக்கிறது. மச்சாள் மதியமே அழைத்தாள்: இனி வாங்கலாம்தானே, என்ன இருந்தாலும் முதல் வீடு உன்னிடம்தான். சந்தோஷத்தில் வாய் வரண்டுவிட்டது. எந்த அலுவலகம் என்று கேட்டாள். அண்ணாவோடுதானே என்றும் அவளே சொன்னாள்.

நவம்பர் 2, ஞாயிறு

நேற்றிரவு 11-ஆவது இன்னிங்ஸில் புளூ ஜேய்ஸுக்கு எல்லாம் போய்விட்டது. மணிக்கூட்டை ஒரு மணி நேரம் பின்னே திருப்பினோம். அதனால் ஒன்றும் மாறவில்லை.

நவம்பர் 4, செவ்வாய்

மூன்று ஒப்பந்தங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கடைசிப் பக்கங்களிலிருந்து வாசித்தேன். சேரும் நிபந்தனைகள் எல்லாவற்றிலும் இனிமையாக இருக்கின்றன. விலகும் நிபந்தனைகளில்தான் ஒவ்வொருவரின் குணமும் தெரிகிறது. லிஸ்டிங் ஒப்பந்தம், அதாவது வீட்டை விற்பனைக்குப் போடும் ஒப்பந்தம், விற்பவருக்கும் புரோக்கரேஜுக்கும் இடையிலானது, முகவருக்குச் சொந்தமானதல்ல என்பது படித்த விஷயம். ஆனால் நான் விலகினால் நடந்துகொண்டிருக்கும் விற்பனைகளின் கொமிஷன் என்ன ஆகும் என்பதை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதியிருக்கிறார்கள். ஓரிடத்தில் ஒரு வருடத்துக்குள் போனால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும். இணையக் காணொளிகளுக்கு அவர்கள் போட்டிருக்கும் விலையைப் பார்த்து அம்மாவிடம் காட்டிச் சிரித்தேன். அண்ணாவின் குழு ஒப்பந்தத்தில், குழுவில் இருக்கும்போது நான் சந்திக்கும் எல்லா வாடிக்கையாளர்களும் குழுவுக்கே சொந்தம்.

மச்சாளும் அப்படியானால் குழுவுக்குச் சொந்தமா? அவள் எனக்கு மூன்று வயதிலிருந்து தெரிந்தவள்.

நவம்பர் 7, வெள்ளி

2023 டிசம்பர் 1-இல் புதிய சட்டம் வந்த பிறகு, புரோக்கரேஜ் முழுவதும் ஒரு வாடிக்கையாளரைப் பிரதிநிதித்துவப்படுத்தலாம், அல்லது குறிப்பிட்ட முகவரை மட்டும் அவருக்கென நியமிக்கலாம். இதைப் பாடத்தில் படித்தபோது கொட்டாவி விட்டேன். இப்போது அது என் தலைக்குள் சுழல்கிறது. மச்சாளுக்குப் பிடித்த வீடு என் அலுவலகத்திலேயே இன்னொருவரின் லிஸ்டிங்காக இருந்தால் என்ன செய்வது? முதல் முறைப்படி, ஒரே அலுவலகம் இரு பக்கமும் நிற்கும். விலையைப் பற்றி அவளுக்கு நான் வாய் திறந்து ஆலோசனை சொல்ல முடியாது. இரண்டாவது முறைப்படி நான் அவளுக்காக மட்டும் பேசலாம். நாங்கள் எல்லோரும் ஒரே நான்கு தெருக்களில் வாங்கி விற்கும் சனம், ஆகவே இது அபூர்வமான சங்கதி அல்ல.

அண்ணாவிடம் அவர்களுடைய அலுவலகத்தில் எந்த முறை என்று கேட்டேன். “அதெல்லாம் பேப்பர் வேலை” என்றார்.

நவம்பர் 9, ஞாயிறு

பனி கொட்டுகிறது. வெளியே போகவில்லை. அண்ணாவுக்கு எழுதிய செய்தியை நான்கு தரம் அழித்தேன்.

நவம்பர் 12, புதன்

டீச்சரம்மாவின் அலுவலகத்தில் கையொப்பமிட்டேன். 14,000 என்று தாளில் போட்ட அந்தக் கணக்குக்கு. ட்ரஸ்ட் கணக்கை யார், எத்தனை நாளைக்கு ஒருமுறை வங்கிக் கூற்றோடு சரிபார்க்கிறார்கள் என்று கேட்டேன். கேட்டதற்குக் கோபிக்காமல் கோப்பைக் கொண்டுவந்து முறையைக் காட்டினார். பதிவான பிறகு இரண்டு வருடங்களுக்குள் முடிக்க வேண்டிய ஆர்ட்டிக்ளிங் பாடங்களை முதல் ஆறு மாதங்களிலேயே முடிக்க வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. விண்ணப்பம் மாலையில் ரெக்கோவுக்குப் போய்விட்டது.

நவம்பர் 13, வியாழன்

அண்ணாவுக்குச் சொன்னேன். “நல்லது” என்றார். பெரியம்மா அம்மாவை அழைத்து நாற்பது நிமிடம் பேசினார். அம்மா என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை; தேத்தண்ணி மட்டும் போட்டுத் தந்தா.

நவம்பர் 17, திங்கள்

பதிவேட்டில் என் பெயர் இல்லை.

நவம்பர் 19, புதன்

காலையிலும் இல்லை, மதியத்திலும் இல்லை.

இரவு 9.10-க்கு மச்சாள் அழைத்தாள். மக்கோவன் வீதிப் பக்கம் ஒரு கொண்டோ பார்த்துவிட்டாளாம், இரண்டு படுக்கையறை, நாளை இரவு ஏழு மணிக்கு ஒஃபர்களைப் பார்க்கிறார்களாம், நான் எத்தனை மணிக்கு வருவேன் என்று கேட்டாள். நான் இன்னும் பதிவாகவில்லை, ஒரு தாளிலும் கை வைக்க முடியாது என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்ப அண்ணாவைக் கூப்பிடட்டா?” என்றாள்.

ஸ்டேட்டஸ் சேர்ட்டிபிகேட் வந்துவிட்டதா என்று மட்டும் அவரிடம் கேள் என்றேன்.